கிளப் போதைகளைக் கலந்து எடுத்தால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

லீட்ஸ்_மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். லீட்ஸில் முதுகலை படிக்கிறேன். வீட்டில் என்னோடு சேர்த்து நாலு பேர். மற்ற மூவரும் வார இறுதியில் கிளப்புக்குப் போகிறவர்கள். நான் போதைப்பொருள் எடுப்பதில்லை. எடுக்கிறவர்களைக் குறை சொல்லவும் இதை எழுதவில்லை. பயமாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

அவர்களுடைய இரவு இப்படிப் போகும்: முதலில் வீட்டிலேயே வோட்கா. கிளம்பும்போது எம்.டி.எம்.ஏ (எக்ஸ்டஸி) மாத்திரை. உள்ளே போனபின் யாராவது கோக்கெய்ன் கொடுப்பார்கள். திரும்பி வந்து விடியும்வரை கெட்டமின் என்ற மயக்க மருந்து. அப்புறம் தூக்கம் வரவில்லை என்று இணையத்தில் வாங்கிய வேலியம். மூவரில் ஒருவன் மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த செர்ட்ராலினைத் தினமும் சாப்பிடுகிறான்.

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்தான்டா, ஒன்றையே நிறைய எடுப்பதற்கு இது பரவாயில்லை" என்கிறார்கள். இந்தக் கணக்கு சரியா? ராத்திரியில் எதைப் பார்த்தால் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்?

மருந்தகர்_லூயிஷம்

கணக்கு தப்பு தம்பி. கொஞ்சமும் கொஞ்சமும் சேர்ந்தால் உடம்பில் அது "இரண்டு கொஞ்சம்" ஆவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கோக்கெய்னும் சாராயமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இருந்தால் கல்லீரல் அவற்றிலிருந்து மூன்றாவதாக ஒரு பொருளை உண்டாக்குகிறது. கோக்காஎத்திலீன் என்று அதற்குப் பெயர். உங்கள் நண்பர்கள் யாரும் அதை வாங்கவில்லை, யாரும் விற்கவுமில்லை. அவர்களுடைய கல்லீரலே தயாரித்தது. கோக்கெய்னைவிட நீண்ட நேரம் உடம்பில் தங்கும், இதயத்துக்குச் செய்யும் கெடுதலும் அதிகம். குடித்துவிட்டு கோக்கெய்ன் எடுத்தவர் 25 வயதிலேயே நெஞ்சு வலிக்கிறது என்றால் வாயு என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது எம்.டி.எம்.ஏ. இதைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2டி6 என்ற நொதிக்கு. எம்.டி.எம்.ஏ உள்ளே வந்ததும் அந்த நொதியையே முடக்கிவிடுகிறது. அதனால் முதல் மாத்திரைக்குப் பின் போடும் இரண்டாவது மாத்திரை ரத்தத்தில் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, அதற்கு மேலே போகிறது. "முதல் மாத்திரை ஏறவே இல்லை, இன்னொன்று போடுகிறேன்" என்ற பேச்சு ஆபத்தாவது இங்கேதான். எம்.டி.எம்.ஏ என்று விற்கப்படும் மாத்திரையில் பி.எம்.ஏ, பி.எம்.எம்.ஏ போன்ற வேறு சரக்கு இருந்தால் இன்னும் மோசம். அவை மெதுவாக ஏறும், ஆனால் உடம்புச் சூட்டைத் தாறுமாறாக ஏற்றும். 2014 டிசம்பர் கடைசியிலும் 2015 ஜனவரித் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் சூப்பர்மேன் சின்னம் போட்ட சிவப்பு நிற மாத்திரைகள் பல உயிர்களை வாங்கின. அவற்றில் இருந்தது பி.எம்.எம்.ஏ.

நான் அடிக்கடி சொல்லும் பழைய சம்பவம் ஒன்று உண்டு. 1996ல் பிரிட்டனில் எச்.ஐ.வி சிகிச்சையில் இருந்த ஒருவர், முன்பு பிரச்சினையில்லாமல் எடுத்துவந்த அளவையே எடுத்தார், இறந்துபோனார். இடையில் மாறியது ஒன்றுதான்: ரிட்டோனவிர் என்ற மருந்தைத் தொடங்கியிருந்தார். அதுவும் அதே நொதியைத் தடுக்கும். ரத்தத்தில் எம்.டி.எம்.ஏ எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. 1998ல் லான்செட் இதழில் இது வெளிவந்தது. "நான் எப்போதும் எடுக்கும் அளவுதான்" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கோவிட் மருந்தான பாக்ஸ்லோவிட்டிலும் ரிட்டோனவிர் இருக்கிறது.

செர்ட்ராலின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஸ்கார்பரோ_அப்பா

எனக்குச் சரியாகப் படவில்லை. எதை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்று இவ்வளவு விவரமாக எழுதினால் பெடியளுக்கு நாங்களே பாடம் எடுக்கிற மாதிரி ஆகாதா? எனக்குக் கம்பஸ் போகிற வயதில் ஒரு மகள் இருக்கிறாள். தொடாதே என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாமே. தம்பி, நீங்கள் முதலில் வேறு வீடு பாருங்கோ.

இரவுப்பணி_செவிலி

அண்ணை, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரப் பிரிவுக்கு வருகிற பிள்ளைகளில் "தொடாதே" என்ற சொல்லைக் கேட்காமல் வளர்ந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கூடவே இருந்த நண்பர்களுக்குத் தெரியாமல் போவது வேறு விஷயம். அவன் தூங்குகிறானா, நினைவு தப்பிக் கிடக்கிறானா என்பதுதான் அது. அந்தக் குழப்பத்தில் மணிக்கணக்கு போய்விடுகிறது.

ஜி.எச்.பி, ஜி.பி.எல் என்று ஒரு திரவம் உண்டு. லண்டனில் "ஜி" என்பார்கள். இதில் உற்சாகம் தரும் அளவுக்கும் ஆளைச் சாய்க்கும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அதற்குமேல் ஒயினும் சேர்ந்தால் இரண்டுமே மூளையை ஒரே திசையில் அமர்த்துகின்றன, மூச்சு குறைகிறது. ஒருநாள் அதிகாலையில் ஒரு பெண்ணை நண்பர்கள் டாக்ஸியில் அழைத்து வந்தார்கள். பின் சீட்டில் தலை முன்னால் தொங்கிக்கிடந்தது, பலமான குறட்டை. "நல்லாத் தூங்குறா, குறட்டை விடுறா, ஆனா எழுப்ப முடியல" என்றான் கூட வந்தவன். நான் இரண்டு விரல்களால் அவளுடைய தாடையை முன்னே தூக்கினேன். குறட்டை அந்த நொடியே நின்றது, நெஞ்சு முழுதாக ஏறி இறங்கியது. அதுவரை நாக்கு பின்னால் சரிந்து மூச்சுக்குழலைப் பாதி அடைத்திருந்தது. வீட்டில் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தால் ஒரு வாந்தி போதும், நுரையீரலுக்குள் போயிருக்கும்.

போதையில் விழுந்தவர் குறட்டை விட்டால் அதை நல்ல அறிகுறி என்று எடுக்காதீர்கள். தோளை அழுத்திக் கிள்ளியும் கண் திறக்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை. இந்த ஒன்றை உங்கள் மகளும் தெரிந்து வைத்திருக்கட்டும் அண்ணை. அவள் எதையும் தொடாத பிள்ளையாகவே இருக்கலாம். அவளுடைய தோழி ஒருத்திக்கு அது தேவைப்படலாம்.

ஸ்கார்பரோ_அப்பா

சரி அக்கா. இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. தொடர்ந்து எழுதுங்கோ.

கேஎல்_கணேசபுரம்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பேச்சில் வெப்பத்தை விட்டுவிடாதீர்கள். 2014 மார்ச்சில் புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்த ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல் ஏஷியாவில் ஆறு இளைஞர்கள் இறந்துபோனார்கள். மூன்றாம் நாள் நிகழ்ச்சியை ரத்து செய்தார்கள். அளவு மீறிய போதை என்று காவல்துறை முதலில் சொன்னது. பிறகு மலாயா பல்கலைக்கழக மருத்துவமனைத் தரப்பிலிருந்து, சிலருடைய மரணத்துக்கு வெப்பத்தாக்கமே காரணம் என்று செய்தி வந்தது. போதையா வெப்பமா என்று ஊரெல்லாம் வாக்குவாதம்.

என் பார்வையில் இரண்டையும் பிரிப்பதே தவறு. எம்.டி.எம்.ஏ, ஆம்ஃபெட்டமின் வகையறா எல்லாம் உடம்புக்குள் சூட்டை உண்டாக்கும், சோர்வு தெரியாமல் ஆட வைக்கும். குடியால் தண்ணீர்ச்சத்து வேறு போகும். எங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தில் வியர்வை காயவே காயாது. எல்லாம் ஒருவர் உடம்பிலேயே கூடுகிறது. லீட்ஸ் குளிரில் இந்தப் பிரச்சினை குறைவு என்று நினைக்கலாம், ஆனால் கிளப்புக்குள் இருக்கும் வெக்கை வேறு.

இன்னொன்று: இங்கே ஆட்டம் முடிந்து இறங்குவதற்கு "எரிமின் 5" என்ற தூக்க மாத்திரையைப் போடும் பழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. உங்கள் நண்பர்களுடைய வேலியம் கதையும் அதேதான்.

லீட்ஸ்_மாணவன்

வெப்பம் என்றதும் ஒரு சந்தேகம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்களே? அவர்களும் ஆளுக்கொரு பெரிய பாட்டில் வைத்துக்கொள்கிறார்கள்.

இரவுப்பணி_செவிலி

நிறையக் குடிப்பதும் ஆளைக் கொல்லும். 1995 நவம்பரில் எசெக்ஸில் ஒரு பெண் தன் 18வது பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒரு எக்ஸ்டஸி மாத்திரை எடுத்தாள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற அறிவுரை அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 7 லிட்டர் குடித்துவிட்டாள். மூளை வீங்கி இறந்தாள். எம்.டி.எம்.ஏ சிறுநீரைக் கட்டிவைக்கும் ஹார்மோனைத் தூண்டிவிடுகிறது. குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. தலைவலி, வாந்தி, பிதற்றல், பிறகு வலிப்பு. பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இங்கே சொல்லப்படும் அளவு: ஆடிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் சொச்சம், அதையும் சிறிது சிறிதாக. சும்மா உட்கார்ந்திருந்தால் அதில் பாதி. நடுநடுவே ஆட்டத்தை நிறுத்தி வெளிக்காற்றில் நிற்பது, தண்ணீர் பாட்டிலைவிட முக்கியம்.

குழம்பிப்போய் வாந்தி எடுப்பவரைப் பார்த்து "தண்ணீர் பத்தவில்லை போல" என்று இன்னும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

மருந்தகர்_லூயிஷம்

இப்போது செர்ட்ராலின். இதில் இணையம் முழுக்க அரைகுறைத் தகவல்.

எம்.டி.எம்.ஏ வேலை செய்வது நரம்பு முனைகளில் தேங்கியிருக்கும் செரடோனின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளை மொத்தமாக வெளியே கொட்டவைத்து. அது நுழைவதற்கு ஒரு கதவு இருக்கிறது. செர்ட்ராலின், ஃப்ளூவாக்செட்டின் போன்றவை அந்தக் கதவை ஏற்கெனவே அடைத்து நிற்கின்றன. அதனால் தினமும் இவற்றைச் சாப்பிடுகிறவருக்குப் போதை மங்கலாகத்தான் தெரியும். மங்கலாகத் தெரிந்தால் என்ன செய்வார்? இன்னொன்று போடுவார். மனதுக்கு ஏறவில்லை என்பதால் இதயத்துக்கும் ஏறவில்லை என்று அர்த்தம் இல்லை. கோக்கெய்னும் அதே கதவை அடைக்கிறது. அதனால் கோக்கெய்ன் எடுத்தபின் எம்.டி.எம்.ஏ போட்டாலும் இதே பொறி.

வேறு சில மருந்துகளோடு எம்.டி.எம்.ஏ சேர்ந்தால் நேராக உயிருக்கே ஆபத்து. மோக்ளோபமைட், ஃபினெல்சின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள் செரடோனினைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பவை. அவற்றோடு எம்.டி.எம்.ஏ சேர்ந்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். டிரமடால் என்ற வலி மாத்திரையும் செரடோனினைக் கூட்டும், வலிப்பையும் வரவழைக்கும். இருமல் மருந்திலுள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இந்த வரிசையில் வரும். யாரும் இதையெல்லாம் போதைப்பொருளாகவே நினைப்பதில்லை, அதனால் ஆம்புலன்ஸில் வந்தவர்களிடம் சொல்லவும் மறந்துவிடுகிறார்கள்.

செரடோனின் அளவு மீறினால் உடம்பு காட்டிக்கொடுக்கும்: கொட்டும் வியர்வை, இருப்புக்கொள்ளாத பதற்றம், விரிந்த கண்மணி, விறைத்த கால்கள். பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தால் கணுக்கால் தானாகத் துடித்துக்கொண்டே இருக்கும். உடம்பு தொட்டால் சுடும். சூடு 41 டிகிரியைத் தாண்டினால் தசைகள் சிதையத் தொடங்கும், அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கும், ரத்தம் உறையும் முறையே கெட்டுப்போகும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளைக் குளிர்விப்பதுதான் வேலை: சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு, விசிறி வைத்து.

சாராயம் பற்றியும் ஒன்று. 2002ல் பார்சிலோனாவில் செய்த ஓர் ஆய்வில் எம்.டி.எம்.ஏவும் சாராயமும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்த மந்தம் குறைந்ததாக அவர்கள் உணர்ந்தார்கள். ஆனால் கை, கண் ஒத்திசைவுப் பரிசோதனையில் குடியின் தடுமாற்றம் அப்படியே இருந்தது. கலப்பின் உண்மையான தீங்கு எனக்கு இதில்தான் தெரிகிறது. ஒரு போதை இன்னொன்றின் எச்சரிக்கையை மறைக்கிறது. "நான் தெளிவாகத்தான் இருக்கிறேன்" என்று மனதாரச் சொல்லிக்கொண்டே கார் சாவியை எடுப்பார்கள்.

சிட்னி_வாசகி

2017 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை நியூ சவுத் வேல்ஸ் இசை விழாக்களில் ஆறு இளம் பிள்ளைகள் எம்.டி.எம்.ஏ காரணமாக இறந்தார்கள். மரண விசாரணை அதிகாரி ஹேரியட் கிரஹாம் 2019 நவம்பரில் தந்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள், மனம் கனத்துப்போகும். போலீசிடம் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து, பல மாத்திரைகளை விழுங்கிய பிள்ளையும் அதில் உண்டு. மோப்ப நாய்களை நிறுத்தவும் மாத்திரைகளைப் பரிசோதிக்கும் வசதி செய்யவும் அவர் பரிந்துரைத்தார். பரிசோதனைக்கான சோதனைத் திட்டம் இங்கே தொடங்க 2025 ஆகிவிட்டது. நெதர்லாந்தில் 1992 முதலே இது நடக்கிறது. தண்டனைப் பயம் மட்டும் பிள்ளைகளைக் காக்கும் என்று நினைத்த வருடங்கள் அவை. என்னால் அதை ஏற்கவே முடியவில்லை.

அடையாறு_ஆலோசகர்

சென்னையில் மறுவாழ்வுத் துறையில் வேலை. கிளப் என்பது இங்கே ஒரு சிறு வட்டம். அதைவிட எங்கள் கவலை டபென்டடால் வலி மாத்திரைகள். தூக்க மாத்திரையோடும் குடியோடும் சேர்ந்து வருகிறது. மூன்றுமே மூச்சை அமுக்குபவை. அதனால் செவிலி அக்கா எழுதிய குறட்டை விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே" என்ற பயம் தமிழ்நாட்டில் பெரிது. ஒளிக்காமல் சொல்கிறேன்: விஷம், அளவு மீறிய போதை என்று வந்தால் மருத்துவமனை அதை மருத்துவ-சட்ட வழக்காகப் பதிவு செய்வது நடைமுறை. ஆனால் சட்ட நடைமுறைக்காக அவசர சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானே முன்வந்து சிகிச்சை எடுக்கும் அடிமைப்பட்டவருக்கு, சிறிய அளவு தொடர்பான குற்றங்களில் வழக்கிலிருந்து பாதுகாப்பும் தருகிறது. ஆம்புலன்ஸுக்கு 108. போதை தொடர்பான ஆலோசனைக்கு 14446.

லீட்ஸ்_மாணவன்

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை வீட்டில் மொழிபெயர்த்துச் சொன்னேன். கோக்காஎத்திலீன் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. செர்ட்ராலின் எடுப்பவன் இப்போது "அப்படியென்றால் வெள்ளிக்கிழமைகளில் மாத்திரையை விட்டுவிடுகிறேன்" என்கிறான். இது சரியா? அப்புறம், வேலியம் டாக்டர் மருந்துதானே, அதில் என்ன என்று கேட்கிறார்கள்.

மருந்தகர்_லூயிஷம்

விடவே கூடாது என்று சொல்லுங்கள். இந்த மருந்துகள் ஒருநாள் விட்டால் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. ஃப்ளூவாக்செட்டின் மாதிரியானவை வாரக்கணக்கில் தங்கும். ஆனால் அடிக்கடி விட்டுவிட்டுச் சாப்பிட்டால் தலைசுற்றல், எரிச்சல், கூடவே பழைய மனச்சோர்வு திரும்பும். எம்.டி.எம்.ஏவுக்குப் பின் இரண்டு மூன்று நாள் மனம் தானாகவே கீழே கிடக்கும் சமயம் அது. அவன் தன் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லட்டும். டாக்டர் அதற்காகப் போலீசைக் கூப்பிடமாட்டார். டாக்டரிடம் பேசக் கூச்சமாக இருந்தால் போதை பற்றி ஆலோசனை தரும் ஃபிராங்க் உதவி எண் இருக்கிறது, 0300 123 6600.

வேலியம் பற்றி: மருந்தகத்தில் சீட்டுக் கொடுத்து வாங்கியதுதான் வேலியம். இணையத்தில் வாங்கியது வேலியம் என்ற பெயரில் வந்த ஏதோ ஒன்று. பிரிட்டனில் இப்படி விற்கப்படுபவற்றில் புரோமசோலம் என்ற வேறொரு பொருள் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் நைட்டசீன்களும் இருந்தன. நைட்டசீன் ஹெராயின் இனத்தைச் சேர்ந்தது, வீரியத்தில் ஃபெண்டனில் என்ற மிகக் கடுமையான வலி மருந்துக்கு ஈடாகவோ மேலாகவோ இருக்கும் வகைகளும் அதில் உண்டு. இரவு முழுதும் குடித்து, கெட்டமினும் எடுத்த உடம்பில் இது விழுந்தால் மூச்சு நின்றுபோகலாம். அந்த இரவில் நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் எனக்கு மிக அதிகமாகப் பயம் தருவது இந்தக் கடைசி மாத்திரைதான். எல்லோரும் தூங்கப் போய்விடும் நேரத்தில் அது வேலையைத் தொடங்குகிறது, பார்ப்பதற்கு ஆள் இருப்பதில்லை. ஹெராயின் இனப் பொருட்களை முறிக்கும் நலாக்சோன் மூக்குத் தெளிப்பானை உள்ளூர்ப் போதை சேவை மையத்தில் கேளுங்கள், பல இடங்களில் இலவசமாகவே தருகிறார்கள். நைட்டசீனுக்கு அது வேலை செய்யும், ஆனால் ஒன்றுக்கு மேல் தேவைப்படலாம். புரோமசோலம், ஜி, சாராயம் எதற்கும் வேலை செய்யாது. அதனால் அடித்தபின்னும் ஆம்புலன்ஸுக்கு 999 அழைத்தே ஆக வேண்டும்.

இரவுப்பணி_செவிலி

நீங்கள் முதலில் கேட்டதற்கு நேரடியான பதில் தம்பி. கிள்ளியும் எழாதது, குறட்டை அல்லது மூச்சு விட்டுவிட்டு வருவது, உதடு நீலம் பாய்வது, வலிப்பு, நெஞ்சுவலி, தொட்டால் சுடும் உடம்போடு பிதற்றல். இவற்றில் ஒன்று போதும், 999 அழைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்ற பேச்சு வேண்டாம்.

ஆளைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், மேல் முழங்காலை மடித்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி. நினைவில்லாதவரைக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்க வாயில் விரல் விடாதீர்கள், உப்புத் தண்ணீரும் காபியும் வேண்டாம். தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், போனில் இருப்பவர் எண்ணிக்கை சொல்லித் தருவார்.

ஆம்புலன்ஸ்காரர்களிடம் "ஏதோ குடித்தான்" என்று மழுப்பாமல், என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு, தினசரி மருந்து என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள். அவர்கள் உயிரைக் காப்பாற்ற வருபவர்கள், கைது செய்ய வருபவர்கள் இல்லை. மீதி மாத்திரை, காலி அட்டை, பாட்டில் எதுவானாலும் கையில் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு அது அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். செர்ட்ராலின் சாப்பிடும் நண்பனிடம் அவனுடைய மருந்தின் பெயரையும் அளவையும் இன்றே கேட்டு உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவனால் சொல்ல முடியாது.